இடது பக்கத்துக் கோழிகள்

எங்கள் எக்ஸ்ரே சென்டரில் அவருக்கு ‘ஓட்டை மேடம்’ என்று பெயர். அவர் முகத்துக்கு நேராக யாரும் அப்படிச் சொன்னதில்லை. இருந்தும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் போனை எடுத்தால், “நான்தாண்ணே, ஓட்டை மேடம் பேசுறேன். பிலிம் இருக்கா?” என்றார். நான் அவசரமாக அலமாரியில் இருந்த பிலிம் பெட்டிகளை எண்ணத் தொடங்கினேன்.

சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் சென்டர். பத்தாவது முடித்ததும் அங்கே இருட்டறையில் பிலிம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தவன் நான். டிஜிட்டல் மெஷின் வந்த பிறகு கழுவுவதற்கு ஒன்றுமில்லை. தேதி கடந்த பிலிம் பெட்டிகள் மட்டும் அலமாரியில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைக் கேட்டுத்தான் அவர் முதன்முதலில் வந்தார். உயரமான, ஒல்லியான பெண்மணி. கசங்கிய பருத்திப் புடவை. ஒரு கையில் குடை, இன்னொரு கையில் தெர்மாஸ் பிளாஸ்க். பக்கத்துப் பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவர். பிளாஸ்க்கில் டீ இருக்கிறது என்று நினைத்து, ரிசப்ஷனில் இருந்த பெண் ஒருநாள், “எங்களுக்கெல்லாம் கிடையாதா மேடம்?” என்று கேட்டுவிட்டாள். அவர் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே சுண்டுவிரல் அளவுக்குச் சின்னச் சின்னக் குப்பிகள்.

“இதைக் குடிச்சா என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. இது ஏற்கெனவே உன் வயித்துக்குள்ள இருக்கு. நீ காலையில தின்ன முட்டையை இதுதான் வெட்டிக்கிட்டு இருக்கு.”

அவர் ஆராய்ச்சி அதைப் பற்றித்தான். நாம் சாப்பிடும் புரதத்தை உடம்புக்குள் துண்டுதுண்டாக வெட்டுகிற நொதிகள் இருக்கின்றன. அந்த நொதிகளை வேலை செய்யவிடாமல் பிடித்து நிறுத்துகிற தடுப்பான்களும் இருக்கின்றன. மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு, சோயா என்று பல விதைகளுக்குள் அந்தத் தடுப்பான் உண்டு. தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கு ஜீரணம் ஆகக்கூடாது என்பதற்காக விதை வைத்திருக்கும் காவல் அது என்று அவர் சொல்வார். எந்த விதையில் எவ்வளவு காவல், அது எதற்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பார்ப்பதுதான் அவர் வேலை.

அதற்கு எக்ஸ்ரே பிலிம் எதற்கு என்றால், பிலிமின் மேல் இருக்கும் பூச்சு ஜெலட்டின். அதுவும் புரதம்தான். நொதியை ஒரு சொட்டு வைத்துவிட்டு, ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுத்திருந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் அந்த இடத்தில் மட்டும் பூச்சு கரைந்து கண்ணாடி மாதிரி வட்டமாகத் தெரியும். அந்த ஓட்டை வழியாக மறுபக்கம் பார்க்கலாம். நொதியோடு தடுப்பானைக் கலந்து வைத்தால் ஓட்டை விழாது. பூச்சு அப்படியே இருக்கும். இவ்வளவுதான் சோதனை. என்னைப் போன்றவனுக்கும் புரிகிற சோதனை.

ஆனால் அவர் ஒரு சொட்டோடு நிறுத்தியதை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வெறும் தண்ணீர் ஒரு சொட்டு. நொதி மட்டும் ஒரு சொட்டு. கொதிக்கவைத்துச் செத்துப்போன நொதி ஒரு சொட்டு. “ஒரு சொட்டுக்கு எதுக்கு மேடம் இத்தனை துணை?” என்று எங்கள் டெக்னீஷியன் கேட்டார்.

“துணை இல்ல சார், எதிர்க்கட்சி. நான் சொல்றது பொய்யா இருந்தா யாராச்சும் காட்டிக்குடுக்கணும்ல?”

இந்தக் கேள்விதான் அவருடைய குணம். இது பொய்யாக இருந்தால் எப்படித் தெரியும்? பிலிமிடம் கேட்டதைவிட மனிதர்களிடம் அதிகம் கேட்டார். ரிசப்ஷன் பெண் ஒருநாள், “இந்தச் சேலை உங்களுக்கு நல்லா இருக்கு மேடம்” என்றாள். “சரி, நல்லா இல்லாட்டி என்ன சொல்லியிருப்ப?” என்று அவர் திருப்பிக் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பவும் இதைத்தான் சொல்லியிருப்பேன் மேடம்” என்று ஒப்புக்கொண்டாள். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண் சொல்வதை அவர் ரொம்ப மதித்தார்.

பயறு மண்டிக்கு அவரோடு ஒருமுறை போயிருக்கிறேன். கடைக்காரர் எழுந்து வரவேற்க, “வண்டு அரிச்ச தட்டைப்பயறு இருக்கா?” என்று கேட்டார். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. “நம்ம கடையில அதெல்லாம் கிடையாதும்மா. யார் சொன்னா உங்களுக்கு?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். எப்படியோ சமாதானம் செய்து, மூலையில் ஒதுக்கி வைத்திருந்த மூட்டையிலிருந்து ஒரு கிலோ வாங்கினோம். உடனே, “அதே ஊருப் பயறு, வண்டு அரிக்காதது ஒரு கிலோ” என்றார். கடைக்காரர் என் காதுக்கு அருகில் வந்து, “எதுக்குண்ணே இந்தம்மாவுக்கு?” என்று கேட்டார். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் எல்லோரையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மேசையில் மூன்று பாத்திரங்களில் ஆட்டுக்கறி. ஒன்றில் பப்பாளிக்காய் அரைத்துப் பிசறி வேகவைத்திருக்கிறார். இன்னொன்றில், அதிலுள்ள நொதி செத்துப்போகட்டும் என்று முதலிலேயே வேகவைத்துவிட்ட பப்பாளிக்காய். மூன்றாவதில் பப்பாளி கிடையாது. எது எதில் என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் மூன்றிலும் ஒரு துண்டு தின்று எது மெத்தென்று இருக்கிறது என்று சொன்னால்தான் சோறு. அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

“ஆண்டவரே! பண்டிகை நாள்லயாச்சும் மனுசங்களை நிம்மதியாத் திங்க விடுடி.”

“அம்மா, நீங்க சொல்லுங்க, எது மெத்துனு இருக்கு?”

“எனக்குப் பல்லே இல்ல. எல்லாமே கல்லுதான்.”

எங்கள் டெக்னீஷியன் மட்டும் நடுப்பாத்திரம் என்றார். அது பப்பாளியே இல்லாத பாத்திரம். மற்ற எல்லோரும் சரியாகச் சொன்னோம். எங்கள் பக்கம் திரும்பாமல் அவர் டெக்னீஷியனிடம்தான், “ஏன் அப்படித் தோணுச்சு?” என்று ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தக் குணம் ஒருமுறை அவரைக் காப்பாற்றியதும் உண்டு. நாங்கள் கழுவிக் கறுத்து வீணான பிலிம்களைக் கொஞ்சம் கொடுத்திருந்தோம். அதில் சோதனை செய்தபோது எந்த விதைச்சாறு வைத்தாலும் ஓட்டையே விழவில்லை. எல்லா விதையிலும் பலமான தடுப்பான் இருக்கிறது என்று அவருடைய மாணவி துள்ளிக் குதித்திருக்கிறாள். அவர் ‘நொதி மட்டும்’ என்று வைத்திருந்த சொட்டைக் காட்டி, “இது ஏன் கரையல?” என்று கேட்டாராம். நேராக எங்கள் சென்டருக்கு வந்து, பிலிம் கழுவும்போது ஊற்றுகிற ‘பிக்ஸர்’ மருந்தின் பழைய கேனை எடுத்து அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். பூச்சு உரியாமல் இருக்க அதை இறுக வைக்கிற மருந்து அதில் சேர்ந்திருந்தது. நொதியால் அதைக் கடிக்க முடியவில்லை. அன்றைக்கு அவர் கழுவாத பிலிம் பெட்டிகளை வாங்கிக்கொண்டு, பெரிய பரிசு கிடைத்த மாதிரி சிரித்துக்கொண்டே போனார். தான் தோற்றது தெரிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மதினியின் கோழிகள் வாடத் தொடங்கின.

வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் என் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். அதற்கு முன் பல வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மதினி கட்டிங் மேசையில், அண்ணன் பேக்கிங்கில். ஒரே ஒரு அறை, பொதுக் குழாய். அதை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, மதினி தன் கையால் தகரக் கொட்டகை போட்டு நாட்டுக்கோழி வளர்க்க ஆரம்பித்தார். முதல் கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. பிறகு இரண்டு தடவை இறக்கிய குஞ்சுகள் தின்றன, தின்றன, வளரவே இல்லை. இறகு கலைந்து, கூனிக் குறுகி நின்றன. சில செத்தன. கண்பட்டுவிட்டது என்றார்கள். குஞ்சு வாங்கிய இடம் சரியில்லை என்றார்கள். தண்ணீர் என்றார்கள். அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“எதுனால வாடுதுன்னு தெரியணும். தெரியாம இன்னொரு தடவை குஞ்சு இறக்க மாட்டேன். கொட்டகையைக் கழட்டிட்டுத் திருப்பூருக்கே போயிருவோம். நான் பேசிட்டேன், வேலை இருக்காம்.”

மதினி எனக்குப் போன் போட்டு அழுதார். “அந்த ஒத்தை ரூமுக்கு நான் திரும்பிப் போக மாட்டேன் தம்பி. இந்தக் கோழிக ஏன் இப்படி நிக்குதுன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

நான் யாரிடமும் எதையும் கேட்கிறவன் இல்லை. ஆனால் அன்று பிலிம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேடமே, “என்னண்ணே, மொகம் சரியில்லையே?” என்றார். சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தீனி என்ன போடுறாங்க?”

தீனி மதினி தன் கையால் கலப்பது. மக்காச்சோளம், தவிடு, கருவாட்டுத்தூள். கடையில் வாங்கும் புண்ணாக்குக்குப் பதிலாக, கொஞ்ச நாளாக முழுச் சோயாவை வாங்கி இரும்புச்சட்டியில் வறுத்து அரைத்துச் சேர்த்தார். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது ஒரு பொட்டலம் தீனி கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அவர் பிலிமோடு வந்தார். நொதி மட்டும் வைத்த இடத்தில் ஓட்டை. தீனிச்சாறு கலந்து வைத்த இடத்தில் ஓட்டை இல்லை.

“அப்ப தீனிதானா மேடம்?” என்றேன்.

“பிலிம்ல தீனிதான். கோழிக்குள்ளயும் அதுதானான்னு பிலிமுக்குத் தெரியாதுண்ணே. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் வாரேன், போவோம்.”

வாடிப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அண்ணன் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க மேடம். கோழிக்கு எக்ஸ்ரே எடுக்க வந்திருக்கீகளா? எது இடது கை, எது வலது கைன்னு பாத்து எடுங்க.”

“எடுக்கிறேன் சார். மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கன்னு சொல்றதுக்கு உங்க தம்பி வந்திருக்காரு” என்றார் அவர். அண்ணன் எதிர்பார்க்கவில்லை. சிரித்துவிட்டார்.

அன்று காலையில் செத்துக் கிடந்த ஒரு குஞ்சைக் கேட்டு வாங்கி, செய்தித்தாளை விரித்து அதன் மேல் வைத்து அறுத்தார். அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். மதினி குனிந்து பார்த்தார். குடலை ஒட்டி இளஞ்சிவப்பாக ஒன்று உப்பிக் கிடந்தது. கணையம் என்றார் மேடம்.

“இம்புட்டுப் பெருசாவா இருக்கும்?”

“இருக்காது. இதுதான் புரதத்தை வெட்டுற நொதியைச் செய்யிற எடம். நீங்க கட்டிங்ல இருந்தீங்கன்னு தம்பி சொன்னாரு. கத்தரி வாயில நைலான் கயிறு சிக்குனா என்ன ஆகும்?”

“வெட்டவும் வராது, உருவவும் வராது.”

“அதேதான். அரைகுறையா வெந்த சோயாவுல அந்தக் கயிறு இருக்கு. கோழி உடம்பு வேற கத்தரி செய்யும், அதுலயும் கயிறு சிக்கும். செஞ்சு செஞ்சே இது வீங்கிப்போச்சு.”

“வறுத்துத்தானேம்மா போட்டேன்?”

மேடம் ஒரு வறுத்த சோயாவை எடுத்துக் கடித்து இரண்டாக்கிக் காட்டினார். மேலே பழுப்பு. உள்ளே வெளுப்பு. “ஊறவச்சு, நல்லா வேகவச்சு, காயவச்சுப் போட்டா கயிறு அறுந்துரும். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.”

மதினி அப்போதே அடுப்பை மூட்ட எழுந்தார். “இன்னைக்கே எல்லாத்துக்கும் வேகவச்சுப் போட்டுர்றேன்.”

“எல்லாத்துக்கும் வேணாம்” என்றார் மேடம்.

அதிலிருந்துதான் சண்டை. கொட்டகையின் நடுவில் வலையைக் கட்டி, குஞ்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்து இரண்டு பக்கமும் விட வேண்டும். வலது பக்கத்துக்கு வேகவைத்த சோயா. இடது பக்கத்துக்குப் பழைய வறுத்த சோயா. மதினிக்குக் கோபம் வந்துவிட்டது.

“ரெண்டு பிள்ளையில ஒண்ணுக்குச் சோத்தைப் போட்டு ஒண்ணைப் பட்டினி போடச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா டீச்சரம்மா?”

மேடத்துக்கும் அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்.

“எல்லாத்துக்கும் போட்டு எல்லாம் தேறிருச்சுன்னு வச்சுக்குங்க. நான் சொன்னதால தேறுச்சா, மழை வந்து வெக்கை குறைஞ்சதால தேறுச்சா, கண்ணு கழிச்சதால தேறுச்சான்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க வீட்டுக்காரரு கேக்குறது காரணம். அதை நான் வாயால சொன்னா அவரு நம்ப வேண்டியதில்ல. இடது பக்கம் சொன்னா நம்பித்தான் ஆகணும்.”

மதினி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தோளைக் குலுக்கினார். மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு முதல் குஞ்சைப் பிடித்தார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மேடம் வந்தார். கூடவே நானும். துணிப்பைக்குள் கோழியைப் போட்டுத் தராசில் தொங்கவிடுவோம். தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அவை எங்களை முறைக்கும். எடையை மார்க்கர் பேனாவால் தகரச் சுவரிலேயே எழுதுவார். வலது பக்கம் ஒரு வரிசை, இடது பக்கம் ஒரு வரிசை. ஆரம்பத்தில் வலது பக்கம் ஏறியது, இடது பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. மதினி முகத்தில் வெளிச்சம் வந்தது. மேடம் மட்டும், “இன்னும் பாப்போம்” என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே மதினிக்கு எரிச்சல் வரும். “உங்க வீட்டுல உலை கொதிச்சாக்கூட இன்னும் பாப்போம்னுதான் சொல்வீங்களா?” என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

பிறகு எனக்கும் மேடத்துக்கும் தொடர்ந்து வேலை. சில வாரம் போக முடியவில்லை. மழையும் பெய்தது. நாங்கள் மறுபடி போன ஞாயிறு, மதினி பஸ் நிறுத்தத்துக்கே ஓடி வந்தார்.

“ரெண்டு பக்கமும் தேறிருச்சு டீச்சரம்மா! வந்து பாருங்க!”

உண்மைதான். இடது பக்கத்துக் கோழிகளும் இறகு படிந்து, நெஞ்சு நிமிர்ந்து கூவிக்கொண்டிருந்தன. எடை போட்டோம். இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மதினி முகம் பூரித்திருந்தது. மேடம் முகம் விழுந்துவிட்டது. மார்க்கரை மூடிவிட்டுச் சொன்னார்.

“அப்ப நான் சொன்னது தப்பும்மா. சோயாதான் காரணம்னா இடது பக்கம் தேறியிருக்கக் கூடாது.”

மதினிக்கு அப்போதுதான் உறைத்தது. சோயா இல்லை என்றால் வேறு என்ன? தெரியாது. தெரியாது என்றால் அண்ணன் சொன்னது சொன்னதுதான். கொட்டகையைக் கழற்ற வேண்டும், திருப்பூர் போக வேண்டும். வேலியோரம் நின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், “நான்தான் அப்பவே சொன்னேனே, கண்ணுதான்” என்றார். மதினி தீனித்தொட்டி அருகில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஜெயித்த ஆள் மாதிரித் தெரியவில்லை. துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார், மறுபடி உதறினார்.

மேடம் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பியவர், நின்றார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“நான் தோத்துட்டேன்னு சொல்றேனே. இது பொய்யா இருந்தா எப்படித் தெரியும்?”

அவ்வளவுதான். மளமளவென்று வேலையில் இறங்கினார். வலது தொட்டியிலிருந்து ஒரு பிடி தீனி, இடது தொட்டியிலிருந்து ஒரு பிடி, வறுத்த சோயாத் தீனி மூட்டையிலிருந்து ஒரு பிடி. மூன்றையும் தனித்தனி டம்ளரில் கரைத்து, வடிகட்டி, பிளாஸ்க்கில் இருந்த நொதியோடு கலந்தார். கையோடு கொண்டுவந்திருந்த பிலிமை ஒரு தட்டில் வைத்து வரிசையாகச் சொட்டு வைத்தார். வெறும் தண்ணீர், நொதி மட்டும், எல்லாத் துணையும் உண்டு. வெயில் நன்றாகச் சுட்டது. அதுவே போதுமான சூடு என்றார். நாங்கள் எல்லோரும் தட்டைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். பக்கத்து வீட்டுக்காரரும் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். ஒரு கோழி மட்டும் தட்டை எட்டிப் பார்த்தது. மதினி விரட்டினார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பிலிமை அலசி, சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

மூட்டைத் தீனி வைத்த இடத்தில் பூச்சு அப்படியே இருந்தது. ஓட்டை இல்லை. வலது தொட்டி வைத்த இடத்தில் ஓட்டை. இடது தொட்டி வைத்த இடத்திலும் அதே மாதிரி பளிச்சென்று ஓட்டை. அதன் வழியாக வானம் தெரிந்தது.

“இடது தொட்டியில இருக்கிறது வறுத்த சோயா இல்ல. வெந்த சோயா” என்றார் மேடம்.

“நான் போடல” என்றார் மதினி. “காலையில என் கையால வறுத்ததைத்தான் போட்டுட்டு வயலுக்குப் போறேன். ஆனா வெந்த தீனி ஏன் இம்புட்டுச் சீக்கிரம் தீருதுன்னு நானும் யோசிச்சேன். எலி திங்குதுன்னுல நெனச்சேன்!”

எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம். அண்ணன் கொட்டகை முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னைய எதுக்குப் பாக்குறீங்க?” என்றார் முகட்டிடம். அவருக்கே தாங்கவில்லை. “ஆமா, நான்தான். என்ன இப்ப? அந்தப் பக்கம் வயிறு முட்டத் தின்னுட்டுக் கெடக்கு. இதுக வலைக்குள்ள மூக்கை நீட்டி நீட்டிப் பாக்குது. எம்புட்டு நாளு பாத்துக்கிட்டே இருக்கிறது? பழசை அள்ளிக் குப்பைக் குழியில கொட்டிட்டு நல்லதைப் போட்டேன். மனுசன்தானே நானும்?”

மதினி முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தாங்க முடியாமல் சிரித்தார். “கொட்டகையைக் கழட்டுவோம், கழட்டுவோம்னு குதிச்ச ஆளு செஞ்ச வேலையைப் பாத்தியா தம்பி! ஏங்க, அவங்க இம்புட்டு நேரம் தோத்துப்போனேன்னு ஒக்காந்திருந்தாங்களே, அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ செயிச்சுருவேல்ல” என்றார் அண்ணன். அதைச் சொல்லிவிட்டு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மேடம் இதில் கலந்துகொள்ளவில்லை. தகரச் சுவருக்கு முன்னால் போய் நின்றிருந்தார். “சார், எப்ப இருந்து மாத்திப் போட்டீங்க?”

“மழை விழுந்துச்சே, அந்த வாரத்துல இருந்து. கோவிச்சுக்காதீங்க மேடம். உங்க சோதனையைக் கெடுத்துட்டேன்.”

அவர் இடது வரிசை எண்களின் மேல் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். நாங்களும் பின்னால் போய் நின்று பார்த்தோம். வறுத்த சோயா தின்ற வாரங்களில் எடை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. மழைக்குப் பிறகு போட்ட இன்றைய எடை ஒரேயடியாகத் தாவியிருந்தது. அதே கோழிகள். அதே கொட்டகை. அதே தண்ணீர். மாறியது தொட்டியில் இருந்த சோயா மட்டும்தான்.

“மழையும்தானே டீச்சரம்மா வந்துச்சு?” என்று மதினியே கேட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“மழை ரெண்டு பக்கமும்தான் பெஞ்சுச்சு. வலது பக்கம் மழைக்கு முன்னாடியே ஏறிருச்சு, பாருங்க.” மேடம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. “கெடுக்கல சார். வாடுன கோழியையே தேத்திக் காட்டியிருக்கீங்க. எனக்கு இது தோணவே இல்ல. கண்ணு இல்லம்மா, குஞ்சு வாங்குன எடம் இல்ல, தண்ணி இல்ல. சோயாதான். நான் நம்புறேன்.”

அந்தக் கடைசி வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கைதட்டினார். மதினி ஓடிப்போய் மேடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய், கவிழ்த்து வைத்திருந்த பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வைத்தார்.

“ஏப்பா” என்று மதினியைக் கூப்பிட்டார். “நாளைக்கு எம்புட்டு ஊறப்போட?”

மதினி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ரெண்டு பக்கத்துக்கும் சேத்துப் போடுங்க” என்றார்.

மேடம் அதைக் கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்குள் குனிந்து நுழைந்து, நடுவில் கட்டியிருந்த வலையின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலை விழுந்ததும் கோழிகள் ஒரு கணம் திகைத்து நின்றன. பிறகு இந்தப் பக்கத்துக் கோழிகள் அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துக் கோழிகள் இந்தப் பக்கமும் அவர் காலுக்கடியில் புகுந்து ஓடின. எது எந்தப் பக்கத்துக் கோழி என்று அதற்குப் பிறகு அவராலும் சொல்ல முடியவில்லை.